ஐப்பசிக்கு முன்: நெல்லைச் சீமையில் குடிநீர், வாறுகால், சாலைப் பராமரிப்பு

பேரூராட்சியிலோ நகராட்சியிலோ புதிதாகப் பொறுப்பேற்கும் பொறியாளரின் மேசையில் குடிநீருக்கு ஒரு கோப்பு, வாறுகாலுக்கு, அதாவது தெருவோர வடிகாலுக்கு, ஒரு கோப்பு, சாலைக்கு ஒரு கோப்பு என்று தனித்தனியே கட்டி வைத்திருப்பார்கள். தெருவில் அப்படிப்பட்ட பிரிவு எதுவும் கிடையாது. வீட்டுக்குப் போகும் குடிநீர்க் குழாய் வாறுகாலைக் கடந்துதான் போகிறது. வாறுகால் அடைத்துக்கொண்டால் அதன் தண்ணீர் சாலைமேல் ஏறுகிறது. ஏறி நின்ற தண்ணீர் தாரைப் பெயர்த்துப் பள்ளமாக்குகிறது. அந்தப் பள்ளத்தில் லாரிச் சக்கரம் இறங்கும்போது ஆழமில்லாமல் பதித்த குழாய் அடியில் உடைகிறது. இவை அனைத்தையும் ஒரே வரைபடத்திலும் ஒரே ஆண்டு நாட்காட்டியிலும் வைத்து நடத்துவது எப்படி என்பதை, இந்தப் பக்கத்துப் பேரூர்களில் நெடுங்காலம் மராமத்து வேலை பார்த்தவன் என்ற முறையில் இங்கே எழுதுகிறேன்.

பனி பெய்யும் நாடுகளின் நகராட்சிகள் கோடையிலேயே உப்பை வாங்கிக் குவித்து, எந்தச் சாலையில் முதலில் பனி அள்ளுவது, எதில் கடைசியாக அள்ளுவது என்ற வரிசையையும் எழுதி வைத்துக்கொள்கின்றன. நமக்குப் பனி இல்லை என்றாலும் அதற்கு ஈடான பருவம் ஒன்று உண்டு. ஆனியிலும் ஆடியிலும் வீசும் தென்மேற்குக் காற்று குற்றாலத்துக்குச் சாரலையும் பாபநாசம் அணைக்கு நீரையும் கொடுத்துவிட்டுச் சமவெளிக்கு வெறுங்காற்றாகவே வந்து சேருகிறது. திருநெல்வேலி, பாளையங்கோட்டை, நாங்குநேரி, இராதாபுரம் போன்ற இடங்களின் தெருக்களை நனைப்பது ஐப்பசி அடைமழையும் கார்த்திகைக் கனமழையும்தான். ஆகவே வேலைக்குரிய மாதங்கள் சித்திரை முதல் புரட்டாசி வரை. அதிலும் பிசானம் என்னும் பின்பருவ நெல்லின் அறுவடை முடிந்து கால்வாய்களில் தண்ணீர் அடைக்கப்படுவதற்கும், அணையில் நீர் இருந்தால் ஜூன் மாதத்தில் கார் என்னும் முன்பருவ நெல் சாகுபடிக்குத் திறக்கப்படுவதற்கும் இடைப்பட்ட சில வாரங்கள் மிகவும் அருமையானவை. ஊருக்குள் ஓடும் நெல்லைக் கால்வாய், பாளையங்கால்வாய் போன்றவற்றின் அடித்தரை வெளியே தெரிவது அப்போது மட்டுமே. கால்வாய் நீர்வளத் துறையைச் சேர்ந்தது என்பதால் அனுமதிக் கடிதத்தை மாசியிலேயே கொடுத்துவிட வேண்டும். மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை என்ற ஐந்து படிகளையும் சித்திரையில் ஏறத் தொடங்கினால் தூர்வாரும் இயந்திரம் கால்வாய்க்கரைக்கு வரும்போது கால்வாயில் தண்ணீர் வந்திருக்கும். மதிப்பீட்டைத் தை மாதத்திலேயே எழுதி முடித்திருக்க வேண்டும்.

முதல் வேலை வரைபடம்

எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது, ஊரில் உள்ள மூத்த வால்வுப் பணியாளரோடு ஒரு வாரம் நடப்பது. எந்த அலுவலகக் காகிதத்திலும் இல்லாத விவரம் அவர் தலைக்குள் இருக்கும். நான் வேலை பார்த்த ஒரு பேரூரில் அப்படி ஒருவர் இருந்தார். வால்வு எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டால், “சொல்லத் தெரியாது சார், வந்தா காட்டுதேன்” என்பார்; காட்டவும் செய்வார். அவர் ஓய்வு பெற்ற மறு ஆண்டு சிமெண்ட் சாலை போட்ட ஒப்பந்ததாரர் ஒரு வால்வுத் தொட்டியை மூடியோடு சேர்த்து மூடிவிட்டார். அதற்கு அடுத்த கோடையில் பிரதான குழாய் வெடித்தபோது அந்த வால்வைத் தேடி நான்கு இடங்களில் புதுச் சாலையை உடைத்தோம். ஐந்து நாள் தண்ணீர் இல்லை. பிழை எங்களுடையதுதான், அவர் காட்டிய நாளில் நாங்கள் அளந்து எழுதிக்கொள்ளவில்லை.

அளப்பது கடினமான காரியம் அன்று. ஒவ்வொரு வால்வுக்கும், எளிதில் இடம் மாறாத இரண்டு பொருள்களிலிருந்து தொலைவை நாடாவால் எடுக்க வேண்டும்: கோயில் மதிலின் தென்கிழக்கு மூலையிலிருந்து இத்தனை மீட்டர், பள்ளிக்கூட வாசல் தூணிலிருந்து இத்தனை மீட்டர் என்று. மின்கம்பத்தை நம்பக் கூடாது, அதை மாற்றி நட்டுவிடுவார்கள். அதே பக்கத்தில் குழாயின் விட்டம், ஆழம், வால்வை முழுவதும் மூட எத்தனை சுற்று, எந்தத் திசையில் என்பதையும் குறிக்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை எல்லா வால்வுகளையும் மூடித் திறந்து பார்ப்பது நல்லது. சென்ற முறை பதின்மூன்று சுற்றில் மூடிய வால்வு இம்முறை ஒன்பதிலேயே நின்றால், அடியில் மண்ணோ துருவோ சிக்கியிருக்கிறது என்று பொருள். குழாய் வெடிக்கும் இரவில் அது மூடாது.

இதே வரைபடத்தில் வாறுகால்களின் ஓட்டத் திசையை அம்புக்குறியாலும், குடிநீர்க் குழாய் வாறுகாலைக் கடக்கும் இடங்களைச் சிவப்புப் புள்ளியாலும் குறிக்க வேண்டும். அந்தச் சிவப்புப் புள்ளிகளே ஊரின் நோய்க்கு வாசல்கள். அதன் காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

குடிநீர்

நெல்லைச் சீமையின் பெரும்பாலான ஊர்களுக்குத் தாமிரபரணியே தாய். ஆற்றுப் படுகையில் இறக்கிய உறைகிணறுகளிலிருந்து நீரேற்றி, கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் வழியாகத் தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்கள் வரை கொண்டுபோகிறார்கள். உறைகிணற்றின் வடிகட்டி அதைச் சுற்றியுள்ள மணல்தான். மணல் போனால் கிணற்றின் ஊற்றும் குறையும், கலங்கலும் நேரே உள்ளே வரும். 2010 இல் இரா. நல்லகண்ணு தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்ததைச் சுற்றுச்சூழல் செய்தியாக மட்டும் படிப்பவர்கள் உண்டு. குடிநீர்ப் பொறியாளருக்கு அது தம் வடிகட்டியைக் காத்துக்கொடுத்த தீர்ப்பு.

தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், அது இல்லாத ஊர்களில் 70 லிட்டர் என்பது நடைமுறை அளவு. குடிநீர் வடிகால் வாரியத்திடமிருந்து வாங்கும் நீரை உங்கள் தரைமட்டத் தொட்டியின் வாயிலில் உள்ள மீட்டரில் நாள்தோறும் ஒரே நேரத்தில் குறித்து வந்தால்தான், குறைவாக வருகிறது என்று கடிதம் எழுதும்போது அந்தக் கடிதத்துக்கு எடை இருக்கும். அதைவிட முக்கியமானது, வந்த தண்ணீர் எங்கே போகிறது என்று பார்ப்பது. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்ற அளவில் கசியும் ஓர் இணைப்பு, தண்ணீர் இடைவிடாமல் ஓடும் குழாயாக இருந்தால், நாளொன்றுக்கு 1,440 லிட்டரைக் கொண்டுபோகிறது. எழுபது லிட்டர் கணக்கில் அது இருபது பேருடைய தண்ணீர்.

கசிவைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி உடனே தேவையில்லை. மேல்நிலைத் தொட்டியிலிருந்து தொடங்குங்கள். உள்விட்டம் 6 மீட்டர் உள்ள தொட்டியில் மூன்றரை மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் நிற்கும். அதில் மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் சுமார் 283 லிட்டர் போயிற்று. இரவு பதினொரு மணிக்கு எல்லா வெளியேற்று வால்வுகளையும் மூடி மட்டத்தைக் குறித்துவிட்டு, விடியற்காலை நான்கு மணிக்கு மீண்டும் பாருங்கள். இறங்கியிருந்தால் குற்றம் தொட்டியிலோ வால்வுகளிலோ இருக்கிறது, தெருவில் இல்லை. தெருவைச் சோதிக்க, தண்ணீர் விடும் நாளில் ஊர் அடங்கிய நேரமாகப் பார்த்து, கடப்பாரையின் ஒரு முனையை வால்வின் தலைமேல் வைத்து மறுமுனையில் காதை ஒட்டிக் கேட்க வேண்டும். ஓடும் தண்ணீரின் ஓசை ஒருவிதம், பீறிடும் தண்ணீரின் ஓசை வேறுவிதம். ஓரிரு வாரங்களில் காது பழகிவிடும். ஒவ்வொரு வால்வாக நகர்ந்து ஓசை எங்கே உரக்கிறதோ அங்கே தோண்டலாம்.

குளோரின் விஷயத்தில் கணக்கை விடக் கைப்பழக்கத்தை நம்புகிறவர்களே அதிகம், அதுவே ஆபத்து. ஒரு லட்சம் லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் 200 கிராம் குளோரின் வேண்டும். புதிய பிளீச்சிங் பவுடரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருப்பதால் 600 கிராம் போதும். ஆனால் மோட்டார் அறையின் ஓரத்தில் வாய் திறந்து கிடக்கும் மூட்டையில் வெயிலிலும் ஈரத்திலும் வீரியம் குறைந்து ஐந்தில் ஒரு பங்கே மிச்சமிருந்தால் அதே வேலைக்கு ஒரு கிலோ தேவைப்படும். பொடியை அப்படியே தொட்டிக்குள் கொட்டக் கூடாது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு மேலே தெளிந்த நீரை மட்டும், தொட்டி பாதி நிரம்பும்போது ஊற்ற வேண்டும். நிரம்பிய பிறகும் அரை மணி நேரம் கழித்தே தண்ணீர் திறக்க வேண்டும். சோதனையைத் தொட்டிக்கு அடியில் உள்ள குழாயில் செய்து பதிவேட்டை நிரப்புவது வழக்கமாகிவிட்டது. கடைசித் தெருவின் கடைசி வீட்டுக் குழாயில்தான் செய்ய வேண்டும். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் எச்சக் குளோரின் இருக்க வேண்டும். ஆற்றில் செந்நீர் வரும் ஐப்பசியில் கலங்கலே குளோரினைத் தின்றுவிடும் என்பதால், அந்த நாட்களில் சோதனையை இருவேளையும் செய்து அளவைக் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

இனி அந்தச் சிவப்புப் புள்ளிகள். நம் ஊர்களில் தண்ணீர் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுவதில்லை. ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் இருப்பதால் கசிவு வெளியே போகிறது. நிறுத்தியதும் தாழ்வான பகுதியை நோக்கித் தண்ணீர் இறங்கிக் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகிறது, அப்போது அதே கசிவு வாய் சுற்றியிருக்கும் எதையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. சுற்றியிருப்பது வாறுகால் என்றால் மறுநாள் காலைக் குடத்தில் முதலில் விழுவதும் அதுதான். வீட்டு இணைப்பு வாறுகாலுக்குள் படுத்துக் கிடக்கக் கூடாது. அதற்கு மேலாகவோ, மற்றொரு பெரிய குழாயை உறையாக்கி அதற்குள்ளாகவோ போக வேண்டும், வாறுகாலின் அகலத்துக்குள் இணைப்பு மூட்டு எதுவும் இருக்கக் கூடாது. ஒரு தெருவில் வயிற்றுப்போக்கு என்று செய்தி வந்தால் தண்ணீர் மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றே அந்தத் தெருவின் வால்வை அடைத்து, லாரித் தண்ணீர் கொடுத்து, சிவப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தோண்டிப் பாருங்கள்.

வாறுகால்

தூர்வாருவதைக் கீழ்க்கோடியிலிருந்து மேலே நோக்கிச் செய்ய வேண்டும். மேலிருந்து தொடங்கினால் கிளறிய சகதி கீழே போய் அடைத்துக்கொள்ளும். இது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் கவுன்சிலர் வீட்டுத் தெருவிலிருந்தே வேலை தொடங்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அள்ளிய மண்ணைக் கரையில் ஒரு நாள் வடியவிட்டு மறுநாளே ஏற்றிவிட வேண்டும். ஒரு வாரம் கிடந்தால் பாதி உள்ளே திரும்பியிருக்கும். ஒப்பந்தத்தில் அள்ளுதலையும் அகற்றுதலையும் ஒரே இனமாக எழுதி, மண் அகன்ற பிறகே, பில் தொகைக்கு ஆதாரமான அளவுப் புத்தகத்தில் பதிவேன் என்று சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு நீங்கும்.

வீட்டு வாசலில் வாறுகால்மேல் கான்கிரீட் போட்டு மூடிக்கொள்வதை ஒரேயடியாகத் தடுக்க முடியாது, வண்டி ஏற வழி வேண்டும் என்று கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. கழற்றக்கூடிய பலகைக் கற்களாகப் போடச் சொல்லுங்கள். ஏற்கெனவே வார்த்திருந்தால் மூன்று மீட்டருக்கு ஒரு திறப்பாவது வெட்டச் சொல்லுங்கள். தூர்வாருபவரின் மம்பட்டி எட்டாத வாறுகால் இருந்தும் இல்லாததே. பாதாளச் சாக்கடைத் தொட்டிக்குள்ளோ கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ உரிய பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அவசரம் என்று எந்த அதிகாரி வாய்மொழியாகச் சொன்னாலும் இயந்திரம் வரும்வரை தெரு நாறட்டும்.

வாறுகால் கடைசியில் சேரும் குளத்தையும் பார்த்துவிட வேண்டும். புகுவாயில் அமலை என்னும் ஆகாயத்தாமரைச் செடி அடைத்துக்கொண்டிருந்தாலும், குளம் நிரம்பி மறுகால் போகும் பாதையில் சுவர் எழுந்திருந்தாலும், ஊருக்குள் எவ்வளவு சுத்தமாகத் தூர்வாரினாலும் தண்ணீர் திரும்பி வரும்.

சாலை

வரிசை மாறக் கூடாது: குழாய் முதலில், வாறுகால் அடுத்து, சாலை கடைசியில். சாலைப் பணி ஆணை கொடுப்பதற்கு முன் அந்தத் தெருவில் புதுக் குடிநீர் இணைப்பு வேண்டுவோர் இத்தனாம் தேதிக்குள் விண்ணப்பிக்கலாம் என்று வீடுவீடாகச் சொல்லி, எல்லா இணைப்புகளையும் ஒரே முறையில் கொடுத்து முடிக்க வேண்டும். குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தை ஒரே மூச்சில் மண் தள்ளி மூடினால் முதல் மழையில் அமுங்கும். அரையடிக்கு மேற்படாத அடுக்குகளாக நிரப்பி, நனைத்து, ஒவ்வோர் அடுக்கையும் இடித்து இறுக்க வேண்டும். பழைய சாலையின் மேலேயே புதிய சாலையைப் போட்டுக்கொண்டே போனால் வீடுகள் தெருவை விடத் தாழ்ந்துவிடும் என்பதால், மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுவதை மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட வேண்டும்.

சாலையின் பகை தண்ணீர். 6 மீட்டர் அகலத் தார்ச்சாலைக்கு நூற்றுக்கு இரண்டரை என்ற சரிவு கொடுத்தால் நடுப்பகுதி ஓரத்தை விட ஏழரை சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும். அது சரியாக அமைந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, கோடை மழை விட்ட அரை மணி நேரத்தில் பெயிண்டும் தூரிகையுமாக ஒரு பணியாளரை அனுப்பி, தண்ணீர் தேங்கிய இடங்களைச் சுற்றி வட்டம் போடச் சொல்லுங்கள். அந்த வட்டங்களே ஐப்பசியில் பள்ளங்களாகும் இடங்கள்.

பள்ளத்தை மூடும்போது சல்லியையும் தாரையும் கொட்டி மிதித்துவிட்டுப் போவது பணத்தைத் தெருவில் கொட்டுவதற்குச் சமம். பள்ளத்தைச் சுற்றிலும் உறுதியான பகுதி வரும்வரை சதுரமாக, செங்குத்தான விளிம்போடு வெட்ட வேண்டும். தூசியையும் ஈரத்தையும் நீக்க வேண்டும். அடியிலும் பக்கங்களிலும் தார்க்கரைசல் பூச வேண்டும். கலவையை அடுக்கடுக்காக இட்டு இறுக்கி, மேல்மட்டம் சாலையை விடச் சற்றே உயர்ந்திருக்கும்படி விட வேண்டும், வண்டிகள் ஓடி அதைச் சமன் செய்யும். அடைமழை நாட்களில் சூடான கலவை ஒட்டாது. அப்போதைக்குக் குளிர்கலவை மூட்டைகளைப் புரட்டாசியிலேயே வாங்கி வைத்துக்கொள்ளலாம். கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் மண் ஈரத்தில் உப்பி வெயிலில் வெடிப்பதால், அங்கே மேலே எவ்வளவு தார் போட்டாலும் அடியில் சரளை மண் அடுக்கு இல்லாமல் நிற்காது. குழாய்க்கும் வளைந்து கொடுக்கும் ரப்பர் வளைய இணைப்பே ஏற்றது. குறுகிய சந்துகளுக்கு என் பரிந்துரை பேவர் பிளாக், தோண்ட நேர்ந்தால் எடுத்துவிட்டுத் திரும்பப் பதிக்கலாம்.

மழை நாள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் இருபத்து நான்கு மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. திருநெல்வேலி சந்திப்புப் பகுதிக்குள் ஆறு புகுந்தது. ஆற்றங்கரை நீரேற்று நிலையங்கள் மூழ்கி, வெள்ளம் வடிந்த பிறகும் ஊர்கள் குடிநீருக்குத் தவித்தன. அப்படிப்பட்ட மழைக்கு எந்த வாறுகாலும் போதாது. ஆனால் மோட்டார் அறையில் மின்பலகை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை அந்த வெள்ளம் சுவரில் எழுதிவிட்டுப் போயிருக்கிறது. 1992 நவம்பர் வெள்ளத்தைக் கண்ட முதியவர்களையும் கேட்டு, இரண்டில் எது உயரமோ அதற்கும் ஒரு மீட்டர் மேலே பலகையை மாட்டுங்கள். குறுக்குத்துறை முருகன் கோயிலை வெள்ளம் சூழ்ந்துவிட்டது என்று தொலைபேசி வந்த பிறகு மோட்டாரைக் கழற்ற ஆள் தேடுவது வீண்.

பனிநாட்டு வழக்கத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வரிசைப் பட்டியல். மருத்துவமனைக்குப் போகும் வழி, பேருந்து வழி, நீரேற்று நிலையத்துக்குப் போகும் வழி ஆகியவை முதல் வரிசை, பள்ளியும் சந்தையும் இரண்டாவது, மற்றவை பிறகு. பொக்லைன் ஓட்டுநர், ஜெனரேட்டர் வாடகைக்காரர், மரம் அறுப்பவர் ஆகியோரின் எண்களோடு இந்தப் பட்டியலையும் அச்சிட்டுக் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டிவிட்டால், இரவு இரண்டு மணிக்கு வரும் சிபாரிசு அழைப்புக்கும் அதையே காட்டிப் பதில் சொல்லலாம். வெள்ளம் வடிந்ததும் முதலில் ஏற்றும் தண்ணீரைத் தெருவுக்கு விடாமல், கழிவு வால்வைத் திறந்து தெளியும்வரை வெளியேற்றி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, குளோரின் கடைசி வீடுவரை எட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே வழக்கமான விநியோகத்தைத் தொடங்க வேண்டும்.

புகார்ப் பதிவேட்டில் தேதி, இடம், காரணம், செய்த பழுதுபார்ப்பு, முடித்த நாள் ஆகிய ஐந்தையும் எழுதி, அன்றன்றைக்கே வரைபடத்திலும் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். ஒரே இடத்தில் மூன்று புள்ளி விழுந்தால் அங்கே மறுபடியும் கிளாம்ப் போடாமல் குழாயையே மாற்ற வேண்டும். கார்த்திகை முடிந்து மார்கழி மழையும் ஓய்ந்ததும், தை முதல் வாரத்தில் வரைபடத்தை மேசைமேல் விரித்து, புள்ளிகள் நெருக்கமாக உள்ள தெருவிலிருந்து அடுத்த ஆண்டுக்கான மதிப்பீட்டை எழுதத் தொடங்கலாம்.